அரை நைட்

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாம் பிரிவேளை. இரண்டாமாண்டு மாணவர்களுக்குச் சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை நடந்துகொண்டிருந்தது. கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்தியிடம் சொல்லும் இடம். கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு மாணவன் மேசைமேல் கையை மடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்து நல்ல தூக்கத்தில் இருந்தான். கனவைப் பற்றிய பாடத்தில் தூங்குகிறவனைக் கண்டால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு நமக்கு அந்த மனநிலை இல்லை. முந்தைய இரவு நாமும் நான்கு முறை எழுந்திருந்தோம். தூக்கம் போதாதவனுக்கு அடுத்தவன் தூக்கத்தைப் பார்த்தால் பொறாமை வருகிறது. ஆசிரியராக இருந்துவிட்டால் அந்தப் பொறாமை ஒழுக்கம் என்ற பெயரில் வெளியே வருகிறது. வகுப்பு அதிரும்படி அவன் பெயரைச் சொல்லி எழுப்பினோம். "இது கல்லூரியா, சத்திரமா?" என்று கேட்டோம். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் துறை அறைக்கு வந்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. நேத்து ஷிப்மெண்டுங்க. காத்தால அஞ்சு மணிக்குத்தான் விட்டாங்க."

பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லருக்குக் கைமடியாக இருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நான்கு இரவுகள். பகலில் தமிழ் இலக்கியம்.

"தூங்கறேன்னு தெரிஞ்சுதானுங்க இருந்துச்சு. கனவுலயும் அதே பீஸ் மடிச்சுட்டு இருந்தனுங்க. எடுக்க எடுக்கக் குமியுது. ஒண்ணை எடுத்து விரிச்சுப் பாத்தா மூணு கை வெச்சிருக்குதுங்க. மூணு கை வெச்ச பனியனை எவன் வாங்குவான்? அப்பத்தான் இது கனவுன்னு பிடிபட்டுச்சு. சரி, கனவுலயாச்சும் கொஞ்ச நேரம் உக்காரலாம்னு ஸ்டூலைத் தேடிட்டு இருந்தனுங்க. ஐயா எழுப்பிட்டீங்க."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். நாமும் "சரி, போ" என்றோம். அவ்வளவு நேரமும் அவன் நின்றுகொண்டேதான் இருந்தான், அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன என்பது அவன் போன பிறகு உறைத்தது.

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்வதற்கு மேல்நாட்டில் தனிப் பெயர் உண்டு. டச்சு எழுத்தாளரும் மனநல மருத்துவருமான பிரெடெரிக் வான் ஈடன் 1913ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் பரவியது. தமிழில் நிலைத்த கலைச்சொல் இல்லை. தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். அதைவிட அழகான அறிதுயில் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு உரியதாகிவிட்டது. உலகத்தைக் காக்கிறவருக்குப் பொருந்துகிற சொல்லைப் பனியன் மடிக்கிற பையனுக்குத் தரலாமா என்று கேட்டால், தாராளமாகத் தரலாம் என்போம். மொழிக்காவலர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் இங்கே தெளிகனவோடு நின்றுகொள்கிறோம்.

இப்படி ஒரு நிலை உண்டு என்று சொன்னபோது அறிவியலாளர்கள் நெடுநாள் நம்பவில்லை. தூக்கத்தின் நடுவே அரைகுறையாக விழித்தவர்கள் கதை விடுகிறார்கள் என்றே நினைத்தார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் ஓர் எளிய உபாயம் செய்தார். கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்து கிடக்கும். மூச்சுத் தசைகளும் கண்களும் மட்டும் விலக்கு. எனவே கனவில் 'இது கனவு' என்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக, முன்பே பேசி வைத்த கணக்கில் அசைக்கச் சொன்னார். ஆலன் வொர்ஸ்லி என்ற மனிதர் அப்படியே செய்தார். கருவியில் அவர் தூங்குகிறார் என்ற பதிவு ஒரு பக்கம். கண்ணின் சமிக்ஞை மறுபக்கம். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ், ஹெர்னின் வேலையை அறியாமலே இதே வழியில் இதை நிறுவினார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. தூங்குகிறவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் என்ன? கனவுக்குள்ளிருந்து கண்கள் இரண்டு முறை அசைந்து பதில் சொல்லின. நம் மாணவனிடமும் அன்று கேள்விதான் கேட்டோம். கேட்ட விதம் வேறு.

இந்தக் கனவுத் தூக்கத்துக்கு விழியசைவுத் தூக்கம் என்று பெயர். சுருக்கமாக ரெம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியர் நதேனியல் கிளைட்மேனும் இதை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்மணி விரைந்து அலைவதைத் தாய்மார்கள் தொட்டில் காலத்திலிருந்து பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். 'சாமி பூக்காட்டுது' என்பார்கள், குழந்தை தூக்கத்தில் சிரித்தால். அதை அளந்து பார்க்க 1953 வரை ஆகியிருக்கிறது.

ஓர் இரவுத் தூக்கம் ஒரே வழுக்கலாகப் போவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. மேலோட்டமான தூக்கம், பிறகு ஆழ்தூக்கம், பிறகு ரெம். முன்னிரவில் ஆழ்தூக்கத்தின் பங்கு பெரிது. கனவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரவு ஏற ஏறக் கணக்கு மாறி, விடியலை ஒட்டிய சுற்றுகளில் கனவுத் தூக்கம் அரைமணி வரைகூட நீளும். எனவே எட்டு மணி நேரம் தூங்க வேண்டியவரை ஆறாவது மணியில் எழுப்பிவிட்டால் அவர் இழப்பது கால்பங்குத் தூக்கம். கனவிலோ அதைவிட மிகப் பெரிய பங்கு. நம்முடைய பழைய கனாநூல் மரபு இரவை நான்கு யாமமாக வகுத்து, முன்யாமத்துக் கனவு பலிக்க நெடுங்காலம் ஆகும், கடையாமத்துக் கனவு விரைந்து பலிக்கும் என்று சொல்லும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதுவே. பலிப்பது இருக்கட்டும். விடியற்காலையில்தான் கனவு மிகுதி, அதன் நடுவில் விழிப்பவருக்குத்தான் அது நினைவில் நிற்கும் என்ற அளவில், அந்த யாமக் கணக்கைப் போட்டவர் தூக்கத்தைக் கூர்ந்து கவனித்தவர் என்றே தோன்றுகிறது.

தூக்கம் அறுபட்டால் என்ன ஆகும்? வில்லியம் டிமெண்ட் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கனவுத் தூக்கம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஆளை எழுப்பிவிடுவது. இரவுக்கிரவு எழுப்ப வேண்டிய தடவைகள் கூடிக்கொண்டே போயின. பிறகு தூங்க விட்டபோது வழக்கத்தைவிட மிகுதியாகக் கனவுத் தூக்கம் வந்தது. உடம்பு கந்துக்காரனைப்போல் பாக்கியைக் குறித்து வைத்திருந்து வசூலிக்கிறது. இந்தப் பாக்கி உள்ளவர் கண்ணை மூடினால், அதிலும் காலை வேளையில் மூடினால், மற்றவருக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வருவது அவருக்குச் சில நிமிடங்களிலேயே வந்துவிடக்கூடும். சிலப்பதிகார வகுப்பில் பத்து நிமிடத்தில் ஒருவன் கனவின் நட்டநடுவில் போய்ச் சேர்ந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

தெளிகனவை விரும்பி வரவழைக்க மேல்நாட்டில் பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் பலராலும் பரிந்துரைக்கப்படுவது இது: ஐந்து ஆறு மணி நேரம் தூங்கியதும் அலாரம் வைத்து எழ வேண்டும். அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் விழித்திருக்க வேண்டும். பிறகு, அடுத்த கனவில் இது கனவு என்று அறிவேன் என மனத்தில் பதித்துக்கொண்டு மறுபடி படுக்க வேண்டும். சற்றே விழித்த மூளை நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் நுழையும்போது அறிவின் ஒரு திரி அணையாமல் உடன் செல்கிறது என்பது கணக்கு. இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. 2008 முதல் 2012 வரை மின்வெட்டுக் காலத்தில் இந்த மாவட்டம் முழுவதும் நள்ளிரவில் விசிறி நின்று, வியர்த்து எழுந்து, திண்ணையில் ஒருமணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி படுத்தோமே, அதற்குப் பெயர் பயிற்சி என்று யாரும் சொல்லவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் ஆண்டுக்கணக்காகச் செய்வதும் இதுவே. வாரக் கடைசியில் ஆசைக்குத் தூக்கத்தை உடைத்துக்கொள்வதும், கூலிக்கு உடைபடுவதும் வேறு வேறு. பின்னதில் நினைவு மழுங்குகிறது, சின்னச் சொல்லுக்கும் கோபம் வருகிறது. தூங்கியும் தூங்காமலும் கிடக்கையில் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருந்து கையும் காலும் அசைய மறுக்கும். ஊரில் அதை அமுக்குவான் என்பார்கள். தசைகள் கட்டுண்ட கனவுத் தூக்கம் விலகுவதற்கு முன்பே அறிவு விழித்துவிடுவதால் வருவது. தூக்கம் அறுபடுகிறவர்களுக்கு அது கூடுதல். ஷிப்ட் மாறி மாறிப் போகிற வீடுகளில் தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு இருந்தால் வியப்பில்லை.

திருப்பூரின் இரவு வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது கடினம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு கடையின் அலமாரியில் இன்ன வாரம் துணி இருக்க வேண்டும். அதற்கு இன்ன தேதியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். சாயம் ஒருநாள் தாமதமானால், பிரிண்டிங் ஒருநாள் தாமதமானால், அந்த நாட்கள் எல்லாம் கடைசியில் தையலுக்கும் செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் வந்து இரவாக விடியும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அதில் லாபம் முழுவதும் பறந்துவிடும். ஒரு நாளில் ஒன்றரை ஷிப்ட் என்பது இங்கே சாதாரணக் கணக்கு. சாதாரண நாளே இரவு ஒன்பது மணிக்குத்தான் முடியும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் நம்பி வளர்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களிடம் ஒரே பாயில் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் படுக்கும் ஏற்பாடு உண்டு. பாயில் சூடு ஆறுவதில்லை. பெண்களை இரவு வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்றது. பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவு அவர்களுக்கும் திறந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. அப்போது ஆசிரியர் அறையில் நடந்த வாக்குவாதத்தில் உற்பத்தி, முதலீடு, உரிமை எல்லாம் வந்தன. தூக்கம் வரவில்லை.

நம் அப்பா நூற்பு மில்லில் சைடர். இயந்திரத்தின் நெடுகிலும் நடந்துகொண்டே அறுந்த இழைகளைப் பார்த்துப் பார்த்துப் பிணைப்பது வேலை. அந்த மில்லில் மூன்று ஷிப்ட். காலை எட்டுக்குப் போவது பகல் ஷிப்ட். மாலை நான்கரைக்குப் போய் ஒரு மணிக்கு முடிவது அரை நைட். ஒரு மணிக்குப் போய்க் காலையில் வருவது முழு நைட். வாரம் ஒன்று. பல்லடம் சாலையை ஒட்டிய லைன் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அப்பா தூங்குவார், மற்றொன்றில் நாம் நான்கு பேரும் பேசாமல் இருப்போம். 'அப்பா தூங்கறாரு கண்ணு' என்பதுதான் அம்மா நமக்குச் சொன்ன சொற்களிலேயே அதிக முறை சொன்னதாக இருக்கும். பின்புறச் சுவரை ஒட்டி விசைத்தறி. அது ஓடும்போது யாரும் விழிப்பதில்லை. கரண்ட் போய்த் தறி நின்றால் லைன் முழுவதும் எழுந்து உட்காரும்.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும் என்கிறார்கள். அந்தக் கடிகாரத்தின் மூலக்கூற்று அமைப்பைக் கண்ட மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவின் கடிகாரம் முழு நைட்டுக்கு ஓரளவு பழகும்போது வாரம் முடிந்து பகல் ஷிப்ட் வந்துவிடும். கனவுத் தூக்கத்துக்கு உகந்த வேளை காலை. அதை அந்தக் கடிகாரம்தான் வைத்திருக்கிறது. எனவே முழு நைட் முடித்து ஒன்பது மணிக்குப் படுப்பவருக்கு வரிசை குழம்பிக் கனவு முன்னால் வந்து நிற்கும். பிறகு வெயிலும் பால்காரரும் ஸ்பீக்கரும் சேர்ந்து மிச்சத்தை வெட்டிவிடும். நண்பகலில் அப்பா எழுந்து உட்கார்ந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, யாரும் இல்லாதது கண்டு பேசாமல் தண்ணீர் குடிக்கப் போவது நினைவிருக்கிறது.

தமிழில் கனவுகள் யாரிடமாவது சொல்லப்பட்டவையாகவே இருக்கின்றன. கண்ணகிக்குத் தேவந்தி. கோப்பெருந்தேவிக்கும் ஆண்டாளுக்கும் தோழி. குறளில் கனவுநிலை உரைத்தல் என்றே ஓர் அதிகாரம். உரைக்கக் கேட்பவர் ஒருவர் வேண்டும். ஷிப்ட் வீடுகளில் ஒருவர் எழும்போது கேட்க வேண்டியவர் வேலைக்கோ பள்ளிக்கோ போயிருப்பார், இல்லையெனில் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பாவின் கனவு ஒன்றுகூட நமக்குத் தெரியாது. முப்பது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும்.

இப்போது தெரிகிறது. அப்பாவுக்கு 76 ஆகிறது. அம்மா போன பிறகு நம்மோடு இருக்கிறார். ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு பின்னிரவில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தோம். கட்டிலில் படுத்தபடியே வலது கை உயர்ந்து, விரல் நுனிகள் காற்றில் எதையோ பிடித்துச் சட்டென்று திருகி விட்டன. கொஞ்சம் தள்ளி, மறுபடி. கண் மூடியிருந்தது. அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தார். சில இரவுகளில் அது முரட்டுத்தனமாகும். யாரையோ தள்ளுவார், கால் உதைக்கும். ஒருமுறை கட்டிலிலிருந்து விழுந்தார்.

கோவையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கனவுத் தூக்கத்தில் தசைகளைக் கட்டிப்போட வேண்டிய மூளைத்தண்டின் ஏற்பாடு பழுதானால் கனவில் செய்வதை உடம்பும் செய்யும். 1986இல் அமெரிக்காவில் மினசோட்டா மருத்துவர்கள் ஷெங்க்கும் மகோவால்டும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஆண்களில், ஐம்பதைத் தாண்டியவர்களில் அதிகம். பலருக்குப் பார்க்கின்சன் நோயோ அதன் உறவான ஒன்றோ ஆண்டுகள் கழித்து வருவதற்கு இது முன்னறிவிப்பு. ஷிப்ட் வேலையால் வந்ததா என்று கேட்டோம். "அப்படிச் சொல்ல முடியாது சார், மில்லுக்கே போகாதவங்களுக்கும் வருது" என்றார். மில் தந்தது கனவின் உள்ளடக்கத்தை மட்டும். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போடச் சொன்னார். பக்கத்தில் முனையுள்ள சாமான் எதுவும் கூடாது. படுக்கும் முன் மெலடோனின். நாமும் அருகில் பாய் விரித்துக்கொண்டோம். இரவில் நான்கு முறை எழுவது அப்படித் தொடங்கியதுதான்.

சென்ற மார்கழியில் ஒருநாள் நாலரை மணிக்கு எழுந்து, அப்பாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, விடைத்தாள் கட்டொன்றைப் பிரித்துப் பார்த்துப் பிடிக்காமல், ஐந்தரைக்கு மறுபடி படுத்தோம். லைன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். வயது பத்து இருக்கும். அப்பா அரை நைட் முடிந்து வரும் நேரம். எதிரே வேப்பமரம். சாலை அகலப்படுத்தியபோது வெட்டிய மரம் அல்லவா இது என்று தோன்றிய அந்தக் கணத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. இது கனவு, நமக்கு வயது நாற்பத்தைந்து, அப்பா பக்கத்தில்தான் தூங்குகிறார். விழித்துவிடக்கூடாது என்ற கவலை மட்டும் இருந்தது. படியின் சில்லிப்பு உள்ளங்கையில் தெரிந்தது. சைக்கிள் வந்தது. தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்த அப்பா, நாற்பது வயதுகூட ஆகாத அப்பா, சைக்கிளை நிறுத்தி, "என்ன கண்ணு, தூங்கலையா?" என்றார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தோம். உங்களுக்கு என்ன கனவு வரும் அப்பா? அதற்குள் தோளில் ஓர் அடி விழுந்து விழித்தோம். பக்கத்தில் அவருடைய கை மெத்தையைத் தாண்டி நம் மேல் கிடந்தது. விரல்கள் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

அந்த மாணவனைப் பிறகு ஒருநாள் கூப்பிட்டு, முதலில் உட்காரச் சொன்னோம். ஸ்டூல் கிடைத்ததா என்று கேட்டதற்கு, "அப்புறம் அந்தக் கனவு வரலைங்க ஐயா. இப்ப எக்ஸாமுக்குப் படிக்கற மாதிரித்தான் வருது" என்றான். வருகைப் பதிவு குறைந்தால் நம்மிடம் சொல்லச் சொல்லியிருக்கிறோம். கம்பெனியை விடச் சொல்லவில்லை. தங்கை ப்ளஸ் டூ படிக்கிறாள்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இடம் குடோனாக இருக்கிறது. நேற்றிரவு ஒரு மணி வாக்கில் எழுந்து உட்கார்ந்திருந்தார். விழிப்பா, தூக்கமா என்று சொல்ல முடியவில்லை.

"சங்கு ஊதிட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்கப்பா. படுங்க."

படுத்துக்கொண்டார்.